நோயை அறிதல், நோயோடு வாழ்தல்

நுழையும்முன்

புற்றுநோய் என்னும் சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்வது பல வீடுகளில் இன்றும் வழக்கமாக உள்ளது. மார்பகப் புற்றுநோய் என்றால் அக்குரல் இன்னும் தாழ்கிறது; சில வீடுகளில் அச்சொல் எழுவதே இல்லை. இந்நோயின் வரலாற்றைப் புரட்டினால், மருந்துகளும் கருவிகளும் காத்த உயிர்களோடு, உரிய நேரத்தில் வாய்திறந்து சொல்லப்பட்ட சொற்கள் காத்த உயிர்களும் தென்படுகின்றன. ஒரு பெண் தன் உடலில் கட்டியை உணரும் நாள் முதல், சிகிச்சை முடிந்தபின் வரும் நீண்ட ஆண்டுகள் வரை உள்ள பாதையை இப்பாடம் விளக்குகிறது.

வலிக்காத கட்டி

பல் வலித்தால் பல் மருத்துவரைத் தேடுகிறோம். வயிறு வலித்தால் முதலில் கசாயம், பிறகு மருத்துவமனை. உடல் தரும் எச்சரிக்கை என்றால் அது வலியாகத்தான் இருக்கும் என்று மனிதர் பழகிவிட்டனர். மார்பகப் புற்றுநோய் அப்பழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. தொடக்கநிலைக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ விரலில் சிறு கல்லைப் போல ஒன்று தட்டுப்படும். காய்ச்சல் இராது, பசி குறையாது, வயல்வேலையோ அலுவலக வேலையோ தடைப்படாது. ஆகவே, 'பார்த்துக்கொள்ளலாம்' என்னும் எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. மகளின் திருமணம் முடியட்டும், மகனின் தேர்வு முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளப்படும் நாள்கள் மாதங்களாகின்றன. கணவரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லக் கூச்சம். ஆண் மருத்துவரிடம் காட்டத் தயக்கம். செலவை எண்ணி அச்சம். கட்டி மட்டும் எதற்காகவும் காத்திருப்பதில்லை.

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு கூறுகிறது. இந்தியாவில் அவ்வாண்டில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 1,92,000 பேர். இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர். இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள நெருக்கமே இங்குக் கவலைக்குரியது. கட்டி மார்பகத்தைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டவர்களுள் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருப்போர் நூற்றுக்கு 99 பேரை நெருங்குவதாக அமெரிக்கப் பதிவேடுகள் காட்டுகின்றன. எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற தொலைவிடங்களுக்குப் பரவியபின் கண்டறியப்பட்டால் அவ்வெண் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. இந்தியாவில் பெண்கள் பலர் நோய் முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். மேலும், மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டுகள் இளைய வயதிலேயே இந்தியப் பெண்களுக்கு இந்நோய் காணப்படுகிறது. குடும்பப் பொறுப்புகள் மிகுந்திருக்கும் வயது அது.

நோய் உருவாகும் விதம் சிக்கலானது. சுருக்கமாக இவ்வாறு கூறலாம். மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்மடல்களும் அதனைக் கொண்டுசெல்லும் நாளங்களும் உள்ளன. அவற்றின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகுபவை. அப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் பிழைகள் சேரும்போது ஓர் உயிரணு கட்டுமீறிப் பெருகத் தொடங்குகிறது. முதலில் நாளத்துக்குள் அடங்கியிருக்கும் அது, பின்னர்ச் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. நிணநீர் வழியாக அக்குளிலுள்ள கணுக்களையும், குருதி வழியாக உடலின் பிற உறுப்புகளையும் அடைகிறது.

'எனக்கு ஏன் வந்தது?' என்பது ஏறத்தாழ ஒவ்வொரு நோயாளியும் எழுப்பும் கேள்வி. வயது கூடுதல், இளவயதில் பூப்பெய்துதல், மாதவிடாய் தாமதமாக நிற்றல், குழந்தைப்பேறு இன்மை, மது, மாதவிடாய் நின்றபின் கூடும் உடற்பருமன் ஆகியவை வாய்ப்பைச் சற்று மிகுவிப்பன. தாய்ப்பால் ஊட்டுதல் சற்றுக் குறைப்பது. தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்த மரபணுப் பிழையால் தோன்றுபவை நூற்றில் ஐந்து முதல் பத்து வரை மட்டுமே. பெரும்பாலான பெண்களுக்கு இன்னதுதான் காரணம் என்று எதையும் சுட்ட இயலாது. இது தொட்டால் ஒட்டும் நோயும் இல்லை; முன்வினைப் பயனும் இல்லை. நோயாளியின் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்கிவைக்கும் வீடுகள் இன்னும் இருப்பதால் இதனைச் சொல்ல வேண்டியுள்ளது.

தெரிந்து தெளிவோம்

கட்டி மட்டுமே அறிகுறி அன்று. மார்பகத் தோலில் குழிவிழுதல், தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலத் தடித்தல், முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் கசிதல், அக்குளில் கட்டி தோன்றுதல் ஆகியவையும் மருத்துவரிடம் காட்டவேண்டியவை. எல்லாக் கட்டியும் புற்று ஆகாது. பதின்பருவப் பெண்களிடம் காணப்படும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்ற நார்த்திசுக் கட்டிகளே. ஆண்களுக்கும் மார்பகத் திசு உண்டு. இந்நோய் உள்ளவர்களுள் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆண். தமக்கும் வரக்கூடும் என்று அறியாமையால் அவர்கள் பெரும்பாலும் காலங்கடந்தே வருகின்றனர்.

ஊசிமுனையும் அறிக்கையும்

மருத்துவமனையில் மூன்று படிகளில் நோய் உறுதிசெய்யப்படுகிறது. முதலில் மருத்துவர் கையால் தொட்டு ஆராய்கிறார். அடுத்து மேமோகிராம் என்னும் மார்பக ஊடுகதிர்ப்படமோ மீயொலிப் படமோ எடுக்கப்படுகிறது. இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது. ஊடுகதிர்ப்படத்தில் அத்திசுவும் வெண்மையாகத் தெரியும். கட்டியும் வெண்மையாகத் தெரியும். பனிமூட்டத்தில் வெண்கொக்கைத் தேடுவது போன்ற நிலை அது. அதனால்தான் இளவயதினருக்கு மீயொலிப் படமே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது.

மூன்றாவது படி திசு ஆய்வு. பயாப்சி என்று மக்கள் அறிந்திருப்பது இதுவே. மரத்துப்போக ஊசியிட்டபின், சற்றுத் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூலிழை போன்ற சிறு துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். 'ஊசி பட்டால் புற்று பரவிவிடும்' என்னும் பேச்சு ஊர்தோறும் உண்டு. அவ்வச்சத்தால் மருத்துவமனைப் படியிலிருந்து திரும்பியவர்களும் உண்டு. கட்டி பரவுவது காலத்தால். ஊசி பரப்புகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பத்தியம், பச்சிலை என்று ஓராண்டு கழித்துத் திரும்பி வருபவரின் கட்டி வளர்ந்திருக்கும்போது, பழி மட்டும் அந்த ஊசியின்மீது விழுகிறது.

ஆய்வறிக்கை 'உண்டு', 'இல்லை' என்பதோடு நிற்பதில்லை. அக்கட்டியின் உயிரணுக்கள் எதை உண்டு வளர்கின்றன என்பதையும் அது சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களை ஏற்கும் ஏற்பிகள் உள்ளனவா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்துள்ளதா என மூன்று வினாக்களுக்கு விடை தேடப்படுகிறது. ஒரே மருத்துவமனையில், ஒரே அளவுக் கட்டியுடன் அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் இரு பெண்களுக்கு வெவ்வேறு சிகிச்சை தரப்படுவதற்குக் காரணம் இவ்வறிக்கையே. 'அவர்களுக்கு மாத்திரை மட்டும் தந்தார்கள். எனக்கு ஏன் ஊசி?' என்று கேட்கும் பெண்ணுக்கு இதனை விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடங்கள் போதும்.

நோய் உறுதியானதும், அறிக்கையை நோயாளியிடமே மறைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அன்பினால் செய்யப்படுவதுதான். ஆனால் தலைமுடி உதிர்வதும் மருத்துவமனைப் பெயர்ப்பலகையும் அந்த இரகசியத்தை நெடுநாள் காக்க விடுவதில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் சுமை அதன்பின் நோயாளியின்மீதே விழுகிறது.

எவ்வளவு வெட்டுவது?

இந்நோயின் வரலாற்றில் மருத்துவர்களை நெடுங்காலம் அலைக்கழித்த கேள்வி இதுவே. பண்டை எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரசுச் சுவடி, மார்பில் தோன்றும் திரண்ட கட்டியை விவரித்து, இதற்குச் சிகிச்சை இல்லை என்று முடித்துவிடுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் கத்தி வந்தது, மயக்கமருந்து வரவில்லை.

ஆங்கிலப் புதின ஆசிரியர் ஃபேனி பர்னி 1811 செப்டம்பர் 30 அன்று பாரிசில் தம் வீட்டிலேயே அறுவைக்கு உட்பட்டார். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே கத்தியை ஏந்தினார். வலியைக் குறைக்கத் தரப்பட்டது ஒரு குவளை மது மட்டுமே. தமக்கு நேர்ந்ததை அவர் பல மாதங்களுக்குப் பின் தம் சகோதரிக்கு மடலாக எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் தமக்குத் துணிவில்லை என்று அதில் குறிப்பிட்டார். நோயாளியின் பக்கத்திலிருந்து இவ்வறுவையை விவரித்த தொடக்ககாலப் பதிவுகளுள் அம்மடல் தலைசிறந்தது. அதன்பின் 28 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து 1840இல் மறைந்தார் பர்னி.

வியப்பு என்னவெனில், அதற்கு ஏழாண்டுகள் முன்னரே, 1804இல், ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்னும் மருத்துவர் ஊமத்தை முதலிய மூலிகைகள் கலந்த மயக்கமருந்தைக் கொடுத்து மார்பகக் கட்டியை அகற்றியிருந்தார். அயலாருக்குக் கதவடைத்திருந்த நாட்டில் நடந்ததால் அச்செய்தி ஐரோப்பாவை எட்டவில்லை. பாரிசில் ஒரு பெண் துடித்தபோது, அத்துடிப்பைத் தணிக்கும் அறிவு உலகின் மறுகோடியில் இருந்தது.

மயக்கமருந்து பரவிய பின்னர் அறுவை மருத்துவர்களுக்குத் துணிவு பெருகியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தம் முறையை வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க்கணுக்களையும் ஒருசேர அகற்றுவது அது. கட்டி குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல ஒழுங்காக வெளிநோக்கிப் பரவுகிறது, அலை சென்ற எல்லைவரை வெட்டினால் நோய் தீரும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அக்காலத்தில் கட்டிகள் பெரிதாக வளர்ந்த பின்னரே பெண்கள் வந்தனர். வெட்டிய இடத்திலேயே நோய் மீள்வது இம்முறையால் வெகுவாகக் குறைந்தது. அவ்வெற்றியே பின்வந்தோரின் கண்ணை மறைத்தது. குழிந்த மார்புடனும் வீங்கிய கையுடனும் பெண்கள் வாழ நேர்ந்தது. முக்கால் நூற்றாண்டுக் காலம் அதுவே மாறாத விதியாக நின்றது. இலண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்னும் மருத்துவர் 1920களிலேயே கட்டியில் ரேடியம் ஊசிகளைப் பொதித்து மார்பகத்தைக் காக்க முயன்றார். பொருளியல் அறிஞர் கெய்ன்சின் தம்பி அவர். பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் அவர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை.

பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்டு ஃபிஷர் வேறுவிதமாகச் சிந்தித்தார். புற்றணுக்கள் ஒழுங்கான அலையாகப் பரவவில்லை, தொடக்கத்திலேயே குருதியில் கலந்து பயணம் செய்யக்கூடும் என்றார் அவர். அவ்வாறெனில் அகலமாக வெட்டுவதால் பயனில்லை. கருத்தைக் கருத்தால் வெல்ல முயலாமல், ஆய்வுக்கு உட்படுத்தியதே அவருடைய பெருமை. 1971இல் தொடங்கிய ஆய்வில், ஹால்ஸ்டெட் முறையில் வெட்டப்பட்டவர்களும் தசைகளை விட்டுவைத்து மார்பகம் மட்டும் அகற்றப்பட்டவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்வது தெரிந்தது. 1976இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 1,800க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும் உயிர்வாழும் காலம் ஒன்றே என்று அது காட்டியது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரொனேசி நடத்திய ஆய்வும் அதையே சொன்னது. இருவரும் இருபது ஆண்டுகள் தம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். தமக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல்போல் தற்செயல் தீர்மானிக்க இசைந்த அப்பெண்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. இன்று மார்பகம் காக்கப்பட்டு வாழும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்.

கத்தியின் அளவு குறைந்த அதே காலத்தில் நோயாளியின் குரலும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1970கள் வரை, கட்டியைச் சோதிக்க மயக்கத்தில் ஆழ்த்தப்படும் பெண், தாம் விழித்தெழும்போது மார்பகம் இருக்குமா என்பதை அறியாமலேயே உறங்கச் சென்றார். மேசையில் கிடக்கும்போதே சோதனை முடிவு வரும். புற்று எனில் அப்போதே அகற்றப்படும். 1974இல் ரோஸ் குஷ்னர் என்னும் இதழாளர் இதற்கு உடன்பட மறுத்தார். முதலில் சோதனை, பிறகு நோயாளியுடன் உரையாடல், அதன்பின்னரே அறுவை என்று அவர் வற்புறுத்தினார். பல மருத்துவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குடியரசுத்தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு இந்நோய் இருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். சோதனைக்கூடங்களில் பெண்கள் திரண்டனர். 1979இல் அந்நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, சோதனையையும் அறுவையையும் தனித்தனியே நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று ஒரு பெண் தன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கலந்துபேசி, நாள்குறித்து அறுவைக்குச் செல்வது இயல்பாகத் தோன்றுகிறது. அவ்வியல்பு கேட்டுப் பெறப்பட்டது.

மருந்தும் கதிரும்

அறுவைக்குத் தப்பிய நுண்ணிய அணுக்களைத் தேடி அழிப்பது கீமோதெரபி. விரைந்து பிரியும் அணுக்களை இம்மருந்துகள் தாக்குகின்றன. முடியின் வேரணுக்களும் வாய், குடல் ஆகியவற்றின் உட்தோலணுக்களும் விரைந்து பிரிபவையே. ஆதலால் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, குமட்டுகிறது. மருந்து நின்றதும் அவை மீள்கின்றன. மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட டாக்ஸோரூபிசின், யூ மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்ட பாக்ளிடாக்செல் ஆகியவை பெரிதும் பயன்படுபவை. முன்னது செம்பருத்திச் சாறு போன்ற நிறமுடையது. குழாயில் அது இறங்குவதைக் காணும்போதே சிலருக்குக் குமட்டல் தொடங்கிவிடும். நீளமான கூந்தலை அழகின் அடையாளமாகக் கொண்டாடும் சமூகத்தில், மார்பகத்தை இழந்ததைவிட முடியை இழந்ததே பெருந்துயராக இருந்தது என்று கூறும் பெண்கள் பலர். முன்னதை ஆடை மறைக்கும்; பின்னதை ஊர் பார்க்கும்.

இயக்குநீரால் வளரும் கட்டிகளுக்கு வேறொரு வழி உண்டு. கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றினால் மார்பகக் கட்டி சுருங்குவதை 1896இலேயே எடுத்துக்காட்டினார். பின்னர்க் கருத்தடை மருந்தாக ஆராயப்பட்டு, அம்முயற்சியில் தோற்றுப்போன ஒரு வேதிப்பொருள், கட்டியின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைத்து நிற்பது தெரியவந்தது. டமாக்ஸிஃபென் என்னும் அம்மாத்திரை 1973இல் பிரிட்டனில் பயன்பாட்டுக்கு வந்தது. நாளொன்றுக்கு ஒரு மாத்திரையாக ஐந்தாண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுகள் உட்கொள்ள வேண்டும். நோய் போய்விட்டதாக எண்ணி இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திவிடுவோர் பலர். ஹெர்-2 மிகுந்த கட்டிகளுக்கு 1998இல் டிராஸ்டுசுமாப் வந்தது. அதுவரை மிகக் கொடியதாகக் கருதப்பட்ட அவ்வகையின் போக்கையே அது மாற்றியது.

கதிர்வீச்சில் வலி இல்லை. நாள்தோறும் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். சிக்கல் அந்த 'நாள்தோறும்' என்பதில் உள்ளது. ஐந்து வாரங்கள் தொடர்ந்து நகரத்துக்கு வர வேண்டுமெனில், சிற்றூர்ப் பெண் ஒருவர் தங்குமிடம் தேட வேண்டும். துணைக்கு வருபவர் கூலியை இழக்க வேண்டும். மூன்று வாரங்களே போதும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தக்கவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து முறையில் முடிக்கலாம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று 2020இல் தெரிவித்தது. புதிய மருந்து எதுவும் இல்லாமலேயே ஓர் ஏழைக் குடும்பத்தின் சுமையைக் குறைத்த ஆய்வு இது.

அடையாறும் மும்பையும்

சென்னை அடையாற்றில் 1954 ஜூன் மாதத்தில் 12 படுக்கைகளுடன் ஒரு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அதன்பின் நின்றவர் மருத்துவர் முத்துலட்சுமி. தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட நாள் முதல் அவர் கொண்டிருந்த எண்ணம் அவ்வாறு உருப்பெற்றது. அவருடைய மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கு வந்து சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் அதனைக் கட்டி வளர்த்தனர். சாந்தா 2021இல் மறையும்வரை அந்நிறுவன வளாகத்திலேயே வாழ்ந்தார். முற்றிய மார்பகப் புற்றுடன் வருவோரே மிகுதியாக இருந்த அந்நாளில், நேரடியாக அறுவைக்குச் செல்லாமல், மருந்தாலும் கதிராலும் கட்டியைச் சுருக்கியபின் அகற்றும் முறையை அவர்கள் கையாண்டனர். வசதியற்றோரைத் திருப்பி அனுப்புவதில்லை என்னும் கொள்கையும் அதனோடு இணைந்திருந்தது.

காலங்கடந்து வருவோரை முன்கூட்டியே வரச்செய்ய முடியுமா? விலைமிக்க ஊடுகதிர்ப்படக் கருவிகளை ஊர்தோறும் நிறுவ இயலாத நாட்டுக்கு மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு விடையைத் தந்தது. 1998இல் தொடங்கிய ஆய்வில், அந்நகரின் குடிசைப்பகுதிகளைச் சேர்ந்த, 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சம் பெண்கள் இடம்பெற்றனர். பள்ளிக்கல்வி முடித்த பெண்களுக்குப் பயிற்சியளித்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் சோதிக்கச் செய்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட பகுதியில் நோய் முற்றாத நிலையிலேயே கண்டறியப்பட்டது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதனினும் இளைய பெண்களிடம் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் அவ்வாய்வு மறைக்கவில்லை. 30 வயது கடந்த பெண்களுக்கு நலவாழ்வுப் பணியாளர் கையால் சோதனை செய்வது இன்று நாட்டின் திட்டங்களில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் உதவுகிறது. செலவை எண்ணி வாய்மூடியிருப்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

சிகிச்சை முடிந்த மறுநாள்

கடைசி ஊசியும் கடைசிக் கதிரும் முடிந்த அன்று வீட்டில் இனிப்பு வழங்கப்படுகிறது. சுற்றத்தார் நிம்மதியடைகின்றனர். பெண்ணுக்கோ அன்றுதான் புதிய அச்சம் தொடங்குகிறது. நேற்றுவரை நோயை அடிக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது. இன்று எதுவும் இல்லை. தாமும் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க மருத்துவர் ஃபிட்சு முல்லன் 1985இல் எழுதிய கட்டுரையில், நோயிலிருந்து மீள்வதைப் பருவங்களாகப் பிரித்தார். கண்டறிதலும் சிகிச்சையும் முதற்பருவம். சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்று காத்திருப்பது இரண்டாம் பருவம். அவ்வச்சம் மெல்ல மங்கி வாழ்க்கை நிலைகொள்வது மூன்றாம் பருவம். நீரில் மூழ்கியவரைக் கரையேற்றியதும் மருத்துவம் தன் பணி முடிந்ததாக எண்ணிவிடுகிறது என்பது அவருடைய குறை.

இரண்டாம் பருவம் நீளமானது. சில மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவரைக் காணவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊடுகதிர்ப்படம் எடுக்கவேண்டும். அந்நாள் நெருங்கும்போதெல்லாம் உறக்கம் கெடும். முதுகு வலித்தால், எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று மனம் பதறும். காரணமின்றித் தொடரும் அயர்ச்சி, இளவயதிலேயே நின்றுவிடும் மாதவிடாய், அதனால் வரும் உடற்சூடு, குழந்தைப்பேறு குறித்த ஏக்கம், மணவாழ்வில் தோன்றும் விலகல் ஆகியவை மருத்துவரின் ஐந்து நிமிடச் சந்திப்பில் இடம்பெறுவதில்லை. பெண்ணும் சொல்வதில்லை, 'உயிர் பிழைத்ததே பெரிது, இதையெல்லாம் கேட்பதா?' என்னும் எண்ணம் தடுக்கிறது. இவற்றுள் பலவற்றுக்கு மருத்துவத் துணை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

'அவர் போராடி வென்றார்' என்று மீண்டவர்களைப் புகழ்வது ஊடக வழக்கு. நல்லெண்ணத்தில் சொல்வதே எனினும் அத்தொடரில் ஒரு கொடுமை உள்ளது. அதன்படி பார்த்தால், இறந்தவர் சரியாகப் போராடாதவர் என்றாகிவிடும். கட்டியின் இயல்பும் கண்டறியப்பட்ட காலமும் கிடைத்த சிகிச்சையும் தீர்மானிக்கும் ஒன்றை மனவுறுதியின் கணக்கில் எழுதுவது முறையன்று. நோய் பரவிய நிலையிலும் மாத்திரைகளோடு பல ஆண்டுகள் வேலைக்குச் சென்று, பிள்ளைகளை வளர்த்து வாழும் பெண்கள் இன்று உள்ளனர். அவர்கள் வென்றவர்களும் இல்லை, தோற்றவர்களும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது வலி தணிக்கும் மருத்துவமும், அடுத்த மாதத்தைத் திட்டமிடும் உரிமையும், 'இன்னும் குணமாகவில்லையா?' என்று கேட்காத அண்டை வீட்டாரும்.

அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவர்களுள் சிலருக்கு நிணநீர் தேங்கிக் கை வீங்குகிறது. நிறைகுடம் தூக்கலாகாது, கையை வருத்தலாகாது என்று அவர்களுக்கு நெடுங்காலம் அறிவுரை கூறப்பட்டது. இடுப்பில் குடமும் தோளில் பிள்ளையும் சுமந்து வாழும் பெண்ணால் அதனைக் கடைப்பிடிக்க இயலாது. கடைப்பிடித்தவர்களோ தங்களை எதற்கும் உதவாதவர்களாக எண்ணத் தொடங்கினர். கனடாவின் வான்கூவர் நகரில் விளையாட்டு மருத்துவர் டான் மெக்கன்சி அவ்வறிவுரையை ஐயுற்றார். 1996இல், மார்பகப் புற்றிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, சீன மரபின் நாகப்படகை வலிக்கப் பயிற்றுவித்தார். தோளும் கையும் ஓயாமல் உழைக்கும் விளையாட்டு அது. முறையான பயிற்சிக்குப் பின் போட்டியிலும் கலந்துகொண்டனர். பருவ முடிவில் சோதித்தபோது ஒருவருக்கும் புதிதாகக் கைவீக்கம் தோன்றவில்லை. பின்னர், மெல்ல மெல்ல எடையைக் கூட்டிச் செய்யும் பயிற்சி கைவீக்கத்தை மிகுவிப்பதில்லை என்பதை 2009இல் வெளியான ஆய்வும் உறுதிசெய்தது. வான்கூவரின் பெண்கள் அந்த ஒரு பருவத்தோடு படகை விட்டுவிடவில்லை. அவர்களைப் பின்பற்றி, இந்நோயிலிருந்து மீண்டவர்களின் படகுக்குழுக்கள் பல நாடுகளில் தோன்றியுள்ளன.